விபத்து என்று எழுதிய மகனுக்கு

உன் கலியாணக் கடிதம் முந்தநாள் வந்து சேர்ந்தது. அரசாங்கத்தோடு இயக்கத்தின் பேச்சுவார்த்தை நடக்கிறபடியால் தபால் முன்னைப்போல மாதக்கணக்கில் கிடக்காமல் மூன்று கிழமையில் வந்துவிட்டது. வாசலில் நின்றபடியே வாசித்தேன். பெண் நல்ல குணம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். கொழும்பில் மண்டபம் எடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய், அதுவும் சந்தோஷம். பிறகு மூன்றாம் பக்கத்தில், சாப்பாட்டு ஒழுங்கு பற்றி எழுதுவதுபோல, தங்கச்சிக்குக் கனநேரம் நிற்க ஏலாது, ஆனபடியால் மாமாவின் மகளைத் தோழியாக நிறுத்துவோம், பெண் வீட்டாரிடம் தங்கச்சியின் காலில் ஒரு சின்ன விபத்து என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கோ என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்க, அவள் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருத்தியை நிறுத்துவது எனக்குக் கோபம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அந்த 'விபத்து' என்ற சொல்லில் வந்தது. முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் நான். ஒரு சொல்லைப் பிழையான இடத்தில் வைத்தால் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் வாழ்த்து இராது. வாழ்த்துத்தான் வேண்டும் என்றால் இதோடு மடித்து வைத்துவிடு.

உன் தங்கச்சி சுகந்தியின் உடம்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. உனக்கு உன் அப்பாவின் இறுகிய மூட்டுகள். சம்மணம் கட்டி இருக்கவே உனக்குக் கஷ்டம். அவளோ பெருவிரலை மடக்கி முன்கையில் ஒட்ட வைப்பாள். முழங்கையை நீட்டினால் அது நேராக நிற்காமல் எதிர்ப்பக்கமாக வளையும். நிமிர்ந்து நின்றாளென்றால் முழங்கால் இரண்டும் வில்லைப்போலப் பின்னால் போகும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முன்னால், பிள்ளை, அந்த விரல் வித்தையைக் காட்டு என்று நான்தான் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அவர்கள் வாயில் கை வைத்துச் சிரிக்க எனக்கொரு பெருமை. எனக்கும் அப்படித்தான் வளையும் என்பதையும், பத்தொன்பது வயதில் கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது என் வலது தோள் இரண்டு தரம் கழன்றது என்பதையும் நான் உங்கள் இருவருக்கும் சொன்னதில்லை. கலியாணத்துக்கு முன் அதை வெளியில் கதைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பிறகு மறைப்பதே பழகிவிட்டது. வளைகிற உடம்பு பலமான உடம்பு அல்ல என்று இந்த வீட்டில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கவில்லை. என் கணக்கில் முதலாவது பிழை அது.

இரண்டாவது பிழை, உன்னை இந்த வீட்டின் பெரிய மனிதன் ஆக்கியது. எண்பத்து மூன்று கலவரத்தில் உன் அப்பா கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது உடுத்திருந்த உடுப்பைத் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை. பிறகு ஒன்றரை வருடம் அவர் யாரோடும் பெரிதாகக் கதைக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. அப்போது உனக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து எதற்கும் அண்ணையைக் கேள், அண்ணையிட்டைச் சொல்லு என்று அவளை உன் பக்கம் தள்ளிவிட்டேன். எனக்குப் பள்ளிக்கூடம், சமையல், இந்திய ஆமி வந்து போன காலத்தின் பயம், எல்லாம் இருந்தது. ஆனால் உண்மை என்னவென்றால், முடிவெடுக்க ஏலாமல் நான் களைத்துப் போயிருந்தேன். நீ எடுத்தாய். நீ எடுத்ததை நான் தட்டிக் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மூன்று புள்ளி போதாமல் போய், வீட்டில் முகம் கொடுக்காமல் திரிந்த நீ, மருதனார்மடத்துக்கு அங்காலை உள்ள பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குச் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தபோது நான் கோயிலில் அர்ச்சனை செய்தேன். வலைப்பந்து அணியை நீ எடுத்தாய். உன் தங்கச்சியையும் நம்முடைய கொக்குவில் பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றி அங்கே கொண்டுபோனாய். நீ கெட்டிக்காரன் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஊரில் கதைக்க வைத்தாய். ஆனால் ஒரு பின்னேரம் நான் பார்க்க வந்தேனே, நினைவிருக்கிறதா? அவ்வளவு பேரும் வெறுங்கால். சீமெந்துத் தரையில் வகுப்பறை வாங்குப் பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி, ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாய். ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் சுகந்தியின் முழங்கால் உள்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளின் கால்களை நீ பிடித்து நீட்டி, இன்னும் வளை, இவளைப்போல வளை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாய். எனக்குப் பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய்:

"இவள் ரப்பர், ரீச்சர். இவளுக்கு ஒண்டும் முறியாது."

நானும் சிரித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு மாசியில் அவள் முதல்தரம் விழுந்தாள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்த பிறகு இன்னொரு அடி வைக்கக் கூடாது, ஓடிவந்த வேகத்தைக் கால் அந்த இடத்திலேயே விழுங்க வேண்டும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். அவள் விழுங்கிய வேகம் முழங்காலில் போய் நின்றது. நீத்துப்பூசணிப் பிஞ்சுபோல வீங்கிய காலோடு சைக்கிள் பாரில் இருத்தி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். பின்னேரம் திரும்பி வந்து, டொக்டர் சும்மா சுளுக்கு என்றார், பத்து நாள் பண்டேஜ் போட்டால் சரி என்று சொன்னாய். நான் நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடுத்தேன். வீக்கம் வற்றியது. ஆனால் கிணற்றடிப் படியில் இறங்கும்போது அவள் ஒரு கையால் சுவரைப் பிடிப்பதைக் கண்டேன். முறிவு நெரிவுக்குக் கட்டுகிறவரிடம் ஒருக்கால் காட்டுவோமா என்று கேட்டேன். ஏனம்மா பிள்ளையைப் பயப்படுத்துறியள் என்று நீ எரிந்து விழுந்தாய். பத்தாம் நாள் அவள் திரும்ப மைதானத்தில் நின்றாள். வைகாசியில் இறுதி ஆட்டம் வரப்போகிறது, வென்றால் பள்ளிக்கூட அதிபர் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லிக் கடிதம் கொடுப்பார், இது எனக்கும் தெரியும். அந்தக் கடிதத்தை நானும் ஆசைப்பட்டேன்.

ஆட்டத்தன்று காலையில் நான் அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். நீ குளிக்கப் போயிருந்தாய். அவள் வந்து நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். சீருடை போட்டாயிற்று, தலை பின்னவில்லை.

"அம்மா, முழங்கால் கழண்டு கழண்டு வாற மாதிரிக் கிடக்கு."

நான் திரும்பிப் பார்க்காமலே, "அண்ணையிட்டைச் சொல்லு," என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். கழன்று கழன்று வருவது என்றால் என்னவென்று என் தோளுக்குத் தெரியும். உலகத்தில் யாருக்கும் விளங்காத அந்தச் சொல் எனக்கு மட்டும் விளங்கியிருக்க வேண்டும். நான் புட்டுக்குழலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு நடந்ததை நீ பெண் வீட்டாருக்குச் சொல்லியிருக்க மாட்டாய், ஆகவே நான் எழுதி வைக்கிறேன். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது, இரண்டு பக்கமும் சமன். மைதானத்து ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்து உயரமாக வந்தது. சுகந்தி எழும்பிப் பிடித்தாள். வலது காலில் இறங்கினாள், இறங்கிய காலிலேயே உடம்பைத் திருப்பினாள். முழங்கால் உள்ளே போய், கணுக்கால் வெளியே நின்றது. ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை, ஈரத்துணிக்குள் வைத்துக் குச்சி முறிப்பதுபோல. அவள் நிலத்தில் கிடந்தாள், பந்து நெஞ்சோடு இருந்தது, கண் உன்னைப் பார்த்தது. நீ கோட்டுக்கு வெளியே நின்று கத்தினாய். விழுந்தவளைத் தூக்கச் சொல்லி அல்ல. "பந்தை விடு, பந்தை விடு," என்று கத்தினாய். அவள் படுத்தபடியே பந்தை எறிந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளை அதைப் பிடித்து வளையத்துக்குள் போட்டாள். நீங்கள் வென்றீர்கள். கிண்ணத்தோடு எடுத்த படத்தில் எல்லோரும் நிற்கிறார்கள், அவள் கதிரையில் இருக்கிறாள், நீ அவளுடைய தோளில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். அந்தப் படத்தை நான் சுவரிலிருந்து எடுத்து மூன்று வருடம் ஆகிறது.

அடுத்த மாதம் சண்டை தொடங்கியது. ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்தது, றெயில் நின்றது, பாதை மூடியது. முழங்காலுக்கு உள்ளே அறுந்த நாரைச் சத்திரசிகிச்சை செய்துதான் சரிக்கட்டலாம், அதைக் கொழும்பில்தான் செய்யலாம் என்றார்கள். காயப்பட்ட சனம் நிலத்தில் கிடக்கிற நேரத்தில் விளையாடி விழுந்த பிள்ளையின் காலைப் பற்றி யாரிடம் போய்க் கதைப்பது? வருடம் திரும்ப, நீ யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் கேட்டாய். நீ திரும்பி வருவாய் என்று பிணையாகக் கையெழுத்து வைத்தவள் நான். கொழும்புக்குப் போய் டொக்டரைப் பிடித்துத் தங்கச்சியைக் கூப்பிடுகிறேன் என்று படலையில் நின்று சொன்னாய். அதிபரின் கடிதம் உன் பையில் இருந்தது. அந்தக் கடிதத்தால்தான் உனக்கு அங்கே வேலை கிடைத்தது.

தொண்ணூற்றிரண்டில் அவளுக்குக் கால் அடிக்கடி மடங்கி விழ ஆரம்பித்தபோது நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்பு பார்க்கிற டொக்டர் அவளைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, கீழ்க்காலைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார். மேசை லாச்சியை இழுப்பதுபோல அது வெளியே வந்தது. அவர் அவளுடைய பெருவிரலையும் மடக்கிப் பார்த்தார். பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் அவளைக் கண்டது நினைவிருக்கிறது என்றார்.

"ரீச்சர், நான் அப்பவே தமையனிட்டைச் சொன்னனானே. இந்தப் பிள்ளையின்ரை மூட்டு பிறவியிலையே தளர்வு. உள்நார் பாதி அறுந்து கிடக்கு, ஆறு மாசத்துக்கு விளையாட விடவேண்டாம், முதல்லை தொடைத் தசையைப் பலப்படுத்துங்கோ எண்டு சொல்லித்தான் விட்டனான். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

மகன் சொன்னவன், நான்தான் மறந்துபோனேன் என்று அந்த மனிதரிடம் பொய் சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்ற என்று நினைத்தேன். திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். அன்று உனக்கு எழுதினேன், கிழித்தேன். மறுநாளும் எழுதினேன், கிழித்தேன். ஒரு பிள்ளையின் கால் போயிற்று, மற்றப் பிள்ளையும் போய்விடுவானோ என்று பயந்தேன். மூன்று வருடமாக உனக்கு நான் எழுதிய ஒவ்வொரு கடிதமும் பொய்க் கடிதம்.

முந்தநாள் உன் கடிதத்தை வாசித்துவிட்டு அந்தப் பயம் போய்விட்டது. சுகந்தியைக் கூப்பிட்டு இருத்தி, உன் அண்ணை அன்று என்ன செய்தான் தெரியுமா என்று, டொக்டர் சொன்னது முழுவதையும் கொட்டினேன். அன்று டொக்டர் அறையில் அவர் அதைச் சொன்னது அவளை வெளியே அனுப்பிய பிறகு. ஆகவே அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவள் நான் முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும் அம்மா," என்றாள். "டொக்டர் அண்ணைக்குச் சொல்லேக்கை நான் திரைக்கு இங்காலை கட்டிலிலை கிடந்தனான். வீட்டை வரேக்கை அண்ணை சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு, ஒரு மாட்ச் மட்டும்தான், அம்மாட்டைச் சொல்லாதை எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டனான்."

"பிறகேன் அண்டைக்குக் காலமை என்னட்டை வந்தனி?"

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையைத் தன் காலைத் தானே உடைக்கச் சம்மதிக்க வைத்து, அந்தச் சம்மதத்தைத் தாயிடமிருந்து மறைக்கவும் வைத்துவிட்டு, ஐந்து வருடம் கழித்து நீ அதற்கு விபத்து என்று பெயர் வைக்கிறாய். நான் ஒரு கேள்வி கேளாத தாய். நீ அவளிடம் சம்மதம் கேட்டு வாங்கிய அண்ணன். இரண்டும் ஒன்றல்ல. என் பங்கை நான் இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டேன். உன் பங்கை நீ எங்கேயும் எழுதவில்லை.

இப்போது கொழும்பிலும் வலைப்பந்து பழக உன் கையில் முப்பது பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். புத்திமதி கேட்கிற ஆள் இல்லை நீ, ஆனாலும் சொல்கிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் பெண்பிள்ளை ஒரு வருடத்தில் அரைச் சாண் வளர்ந்துவிடுவாள். எலும்பு நீளும், இடுப்பு அகலும், தசை பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில்தான் நார் அறுகிறது. உன் பிள்ளைகளில் எவளுடைய விரல் கைக்கு ஒட்டுகிறதோ, எவளுடைய முழங்கால் பின்னால் வளைகிறதோ, அவளை மேலும் இழுத்து வளைக்காதே. அவளை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டாதே. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே போகிறதா என்று பார். போனால் பந்தைக் கொடுக்காதே. எவளாவது வந்து முழங்கால் கழலுகிறது என்று சொன்னால், அது சோம்பல் அல்ல, பயம் அல்ல. அவள் உனக்குத் தருகிற கடைசிச் சந்தர்ப்பம் அது.

இதெல்லாம் எனக்கு எங்கிருந்து தெரியும் என்று கேட்பாய். பாதி டொக்டரிடம். மீதி சுகந்தியிடம். சனிக்கிழமைகளில் அவள் மருதனார்மடத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறாள். நேராக மிதிக்கக் கால் இடம் கொடுக்கிறது, திரும்பத்தான் கொடுக்காது. நீ விட்டுப்போன அணியின் சின்னப் பிள்ளைகளுக்கு இறங்கப் பழக்குகிறாள். பந்தே இல்லை. இரண்டு காலிலும் இறங்கு, முழங்காலை மடி, பூனைபோலச் சத்தமில்லாமல் இறங்கு. சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல அரைவாசி இருந்து, தொடை நடுங்கும் வரைக்கும் நில். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டுகிறது. தாய்மார் வந்து, எப்ப பிள்ளை விளையாட விடுவாய் என்று கேட்கிறார்கள். அவள் சிரிக்கிறாளே ஒழிய விடுவதில்லை. போன கிழமை ஒரு பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போனது, நல்லாய் விளையாடுகிற பிள்ளை, விரல் கையில் ஒட்டுகிற பிள்ளை. அடுத்த மாதப் போட்டிக்கு அவளைச் சேர்க்க மாட்டேன் என்று சுகந்தி சொல்லிவிட்டாள். அந்த அணி தோற்கக் கூடும். நீ செய்யாததை அவள் செய்துகொண்டிருக்கிறாள்.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன். நான் வரமாட்டேன். பிணைக்கும் பாதைக்கும் பழி போட எனக்கு விருப்பமில்லை. இப்போது பாதை முன்னளவு மோசமில்லை, வர முடியும், வரவில்லை. நீ தாலி கட்டுகிற நேரம் நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. கேட்டு வாங்குகிற மன்னிப்பும் கேட்டு வாங்கிய சம்மதமும் ஒரே தரம்தான்.

ஆனால் சுகந்தி வருகிறாள். நான் மறித்தேன். அண்ணையின்ரை கலியாணம் அம்மா, நான் போகாமல் இருக்கேலாது என்றாள். தோழியாக நிற்பதற்கல்ல, அந்த இடத்தை மாமாவின் மகளுக்கே விடச் சொன்னாள். கிளாலிக் கடலேரியில் இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து போய்ப் படகில் ஏற வேண்டும், அக்கரையில் படகிலிருந்து குதித்து இறங்க வேண்டும். பிடிக்க ஆள் இருக்குமோ தெரியாது. அவள் அதற்கும் பயிற்சி எடுக்கிறாள், கிணற்றுக்கட்டிலிருந்து மணலில் இறங்கி இறங்கிப் பார்க்கிறாள். மண்டபத்தில் அவள் உன் முன்னால் வந்து நிற்கும்போது பயணம் எப்படி, அம்மா சுகமோ என்று தொடங்காதே. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேள். நீ போன நாளிலிருந்து எழுதிய கடிதங்கள் அவ்வளவும் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. இன்று எல்லாவற்றையும் எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒன்றிலும் நீ அதைக் கேட்கவில்லை.

அம்மா
கொக்குவில்